ஹெட்போன் ஒழுகிய தெரு

நீதான் காரணம். தெருவில் ஒருத்தர் லேப்டாப்பைக் கைகாட்டுகிறார், ஒருத்தர் அது வந்த கப்பல் ஆபீசைக் கைகாட்டுகிறார், உன் அக்கா என் வாயைக் கைகாட்டுகிறாள், நான் உன்னை மட்டும்தான் கைகாட்டுவேன். ஒரு பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல், உன் அக்கா போட்டு வைத்த டீயை ஆறவிட்டு, பைக்கை மிதித்துக்கொண்டு புன்னைக்காயலுக்குப் போய் மாமியார் வீட்டில் உட்கார்ந்துகொண்டவன் நீ. உன் பேரை இந்தக் கடிதத்தில் எழுதமாட்டேன். எழுதினால் நாலு பேர் வாசித்துவிட்டு, பாவம் நல்ல பையன் என்பார்கள். நீ எவ்வளவு நல்ல பையன் என்று இந்தப் பண்டகசாலைத் தெருவில் இருக்கிற நாற்பத்தோரு வீட்டுக்கும் தெரியும், நாற்பத்தோரு வீடும் இன்றைக்கு நீ தட்டிவிட்டுப் போன தட்டுக்குத்தான் மூச்சு விடுகிறது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், நாளைக்கு நீ வேறு மாதிரி சொல்லக்கூடாது.

ஸ்டுடியோவுக்குப் போயிருக்கலாம். போனால் மணிக்கு இவ்வளவு என்று வாங்குவான், கிட்டாருக்குச் சுதி சேர்ப்பதற்குள் ஒரு மணி ஓடிவிடும், அதையும் சேர்த்து எழுதுவான். ஏழாம் வகுப்போடு துறைமுக வாசலில் நிற்க ஆரம்பித்தவன் நான். முதல் ஆள் சொல்கிற விலையில் நான் எதையும் வாங்கியதில்லை, கல்யாண மோதிரம் உட்பட. என் பழைய கப்பல் சாமான் கடைக்குப் பித்தளை விளக்கு வாங்க வந்த சென்னைக்காரர், யாரோ பெரிய இசையமைப்பாளரிடம் வேலை பார்ப்பவராம், நீ வாசலில் முனகிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, "அண்ணே, அந்தப் பாட்டை ஒரு டெமோ பண்ணி அனுப்புங்க, வீட்ல எடுத்தாலே போதும்" என்றார். வீட்டில் எடுத்தால் போதும் என்று என்னிடம் சொன்னால் விடுவேனா?

மச்சு அறையை ஸ்டுடியோ ஆக்கினேன். உடைத்த கப்பல் ஒன்றிலிருந்து கேபின் மெத்தை பதினாலு என் கடையில் கிடந்தது, அதைச் சுவரில் சாய்த்து நிறுத்தினேன். கப்பல் ஏஜென்ட் ஆபீசில் கழித்துக்கட்டிய லேப்டாப், அதன் காற்றாடி ஆட்டோ மாதிரி இரையும் என்பதால் அதைப் பக்கத்து அறையில் வைத்து ஜன்னல் வழியாக வயர் இழுத்தேன். இரண்டு ஓட்டை உள்ள ஒரு சவுண்ட் கார்டு, அதில் ஒரு ஓட்டைதான் வேலை செய்யும், நான் வாசிக்கிற கிட்டாரை முதலில் ஒரு தடவை, உன் குரலைப் பிறகு ஒரு தடவை எடுத்தால் ஒரு ஓட்டை போதாதா? மைக்கைப் பெடஸ்டல் ஃபேனின் காலில் கட்டி, உன் அக்காவின் புடவை பீரோவைத் திறந்து அதற்குள் நிறுத்தினேன், புடவைக்குள் பாடினால் எதிரொலி வராது. எச்சில் தெறிக்காமல் இருக்க முன்னால் டீ வடிகட்டி. ஹெட்போன், ஒரு கப்பலின் ரேடியோ அறையிலிருந்து வந்தது, வலது பக்கப் பஞ்சு மட்டும் போயிருந்தது, அந்தப் பஞ்சைச் சொல்லியே பாதி விலைக்கு அடித்தேன்.

"அத்தான், பஞ்சு இல்லாம தாளம் வெளிய ஒழுகும். மைக்குல ஏறிரும்," என்றாய்.

"ஒழுகினா ஒழுகட்டும்ல. ஒழுகுறதுக்கு யாரும் காசு கேக்கப்போறதில்ல," என்றேன்.

இதைச் சொன்னேன், ஒப்புக்கொள்கிறேன். இதை வைத்து நீ தப்பிக்க முடியாது.

லேப்டாப்பிலேயே தாளம் தட்டுகிற வசதி இருந்தது, அந்த டிக் டிக் சத்தம் பல்லில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறதென்று நீதான் அடுக்களையிலிருந்து இரண்டு தேங்காய்ச் சிரட்டையை எடுத்துவந்து ஒன்றோடொன்று தட்டினாய். நாலு தட்டு. அதை வெட்டி, திரும்பத் திரும்ப வருகிற மாதிரி ஒட்டினேன். நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்பதில்தான் எல்லாம் தொடங்கியது.

"பாட்டு எழுபத்திரண்டுல நிக்கு அத்தான். அதுக்கு மேல போனா அதுக்கு மூச்சு வாங்கும்."

"எழுபத்திரண்டுன்னா மூணு நிமிசம் நாப்பத்தேழு செகண்டு வருது. இந்த சாஃப்ட்வேர் சும்மா குடுக்குறது மூணு நிமிசந்தான். அதுக்கு மேல சேமிக்காது."

"காசு குடுத்து முழுசா வாங்குங்க."

"உங்க அப்பனா குடுப்பான்? தொண்ணூத்திரண்டுல பாடு. ரெண்டு நிமிசம் அம்பத்தேழுல முடிஞ்சிரும். ஒரு சொல்லு வெட்ட வேண்டாம்."

"அத்தான், உப்பளத்துல வேல முடிஞ்சு, காலு வெந்து, ஒரு பொம்பள வீட்டுக்கு நடக்கிற பாட்டு இது. தொண்ணூத்திரண்டுல நடந்தா பஸ்ஸப் பிடிக்க ஓடுத மாதிரி இருக்கும்."

"ஓடட்டும். சீக்கிரம் வீடு சேருவா."

நீ சிரிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை, மத்தியானம் மூன்று மணி, ஃபேனை நிறுத்தி, ஃப்ரிட்ஜை நிறுத்தி, கீழே உன் அக்காவின் மிக்ஸியை நிறுத்தி, புடவை பீரோவுக்குள் தலையை விட்டுக்கொண்டு வேர்வை சொட்டச் சொட்ட நீ பாடினாய். மூன்று சரணம் போனது. நாலாவது சரணத்தின் முதல் எழுத்தில் வாயைத் திறந்தாய், மூடினாய், ஹெட்போனைக் கழற்றி அந்த மைக்கின் கழுத்திலேயே மாட்டினாய், "அவ போவமாட்டேங்கா அத்தான்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாய். பஞ்சு இல்லாத ஹெட்போன் மைக்கின் காதில் தட்டியது, மைக் கேட்டதை ஹெட்போனுக்குக் கொடுத்தது, ஹெட்போன் திரும்ப மைக்குக்குக் கொடுத்தது. நான் ஓடிப்போய் லேப்டாப்பை மூடினேன். மூடிய பிறகும் தட்டு கேட்டது, அறையில் கேட்டது, படியில் கேட்டது, கீழே வாசலில் கேட்டது, வாசலுக்கு வெளியே உன் பைக் போன திசையில் தெரு முழுக்கக் கேட்டது.

மறுநாள் காலையில் தெரு தொண்ணூற்றிரண்டில் எழுந்தது.

குழாயில் தண்ணீர் தொண்ணூற்றிரண்டில் சொட்டியது, காகம் தொண்ணூற்றிரண்டில் கரைந்தது, மீன் வெட்டுகிற அந்தோணியம்மாளின் கத்தி சீலா மீனின் கழுத்தில் தட்டுக்கு ஒரு வெட்டாக இறங்கியது, பிள்ளைகள் தட்டுக்கு ஒரு வாயாக இட்லியை மென்றன, கைக்குழந்தைகள் தட்டுக்கு ஒரு தரம் பால் உறிஞ்சின, சைக்கிள்காரன் தட்டுக்கு ஒரு மிதி மிதித்தான், நாய்கள் தட்டுக்கு ஒரு கால் வைத்தன, சண்டைக்காரிகள் இரண்டு பேர் ஒருத்தி நாலு தட்டு பேச மற்றவள் நாலு தட்டு காத்திருந்து பதில் சொல்லி, அதனாலேயே அன்றைய சண்டை ஒன்பது மணிக்குள் முடிந்து இருவரும் வேலையைப் பார்க்கப் போனார்கள். யாரும் திடுக்கிடவில்லை. உப்புக் காற்றில் கதவு உப்பிக்கொள்வதைப் போல, கோடையில் குழாய் வற்றுவதைப் போல, வந்ததென்றால் வந்தது. "கொரேரா வீட்டு மச்சுல எதையோ எடுத்தாவளாம், ஒழுகிருச்சாம்" என்று நம் வீட்டைப் பேசிக்கொண்டு, ஒழுகியதோடு சேர்ந்து நடந்தார்கள்.

என்னைத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்து, திருப்பித் திட்டுவதற்கு நான் சொற்களை அடுக்கி வைத்திருந்தேன். ஒருத்தர் திட்ட வரவேண்டுமே!

லாசர் பேக்கரியில் மக்ரூன் இனிப்புக்கு முட்டை வெள்ளையைக் கையால்தான் அடிப்பார்கள், தொண்ணூற்றிரண்டில் அடித்தால் அது எங்கே பொங்கும்? பொங்காமல் அப்பளம் மாதிரி பரந்து வெந்தது. லாசர் அதைக் குப்பையில் போடவில்லை, கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி 'சப்பை மக்ரூன்' என்று அட்டை எழுதி வைத்தார், டீயில் முக்கித் தின்ன அதுதான் வாகு என்று ஊர் கிளம்பி வந்தது. பத்து நாளில் தட்டுக்கு இரண்டாக அடிக்கப் பழகி, பழைய மக்ரூனைக் கிட்டத்தட்டக் கொண்டுவந்துவிட்டார், ஆனால் யாரும் கேட்கவில்லை. பங்குச் சாமியார் தீர்த்தம் தெளிக்க வந்தார், தட்டுக்கு ஒரு தெளிப்பாக நாற்பத்தோரு வீட்டுக்கும் தெளித்தார், ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், பாடற்குழு இருபது வருடத்தில் முதல் தடவையாக ஒரே நேரத்தில் ஆமென் சொன்னதை ஆண்டவரின் கிருபை என்றார். நம் தெருவிலேயே குடியிருக்கிற சுகாதார நிலையத்து நர்ஸம்மா முகாம் போட்டு நாடி பார்த்தாள், தொண்ணூற்றிரண்டு, அடுத்தவர் தொண்ணூற்றிரண்டு, பத்தொன்பதாவது ஆளிலும் தொண்ணூற்றிரண்டு வந்தபோது கைக்கடிகாரத்தை உதறிப் பார்த்தாள், பிறகு தன் மணிக்கட்டையே பிடித்துப் பார்த்துவிட்டு, உன் அக்காவிடம், "ரோசலின் அக்கா, ஒரு டீ தாங்க" என்று நம் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். பேண்டு செட்டுக்காரர்கள் வேறு தெருக்களிலிருந்து வந்து இங்கே நின்று இலவசமாகப் பழகிவிட்டுப் போகிறார்கள். இலவசமாக! என் மச்சில் ஒழுகிய தாளத்துக்கு!

ஐஸ் வண்டி ஜெயசீலன் உனக்கு ஞாபகம் இருக்கும், முப்பத்தாறு வயதிலும் ஒரு சொல்லை மூன்று தடவை ஆரம்பிப்பவன், மீன்காரிகள் அவன் விலை சொல்லி முடிப்பதற்குள் ஐஸ் உருகிவிடும் என்று கேலி செய்வார்கள். மூன்றாம் நாள் காலையில் அவன் வண்டியை நிறுத்தி, தட்டுக்கு ஒரு சொல்லாக, "நேத்து குடுத்த ஐஸுக்கு இன்னைக்கும் நாளைக்கும் சாக்குச் சொல்லாதீங்க, எடுங்க காசை" என்று ஒரே ஓட்டமாகச் சொன்னான். அந்தோணியம்மாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "ஏ, இவனுக்குள்ள இம்புட்டுப் பேச்சு கிடந்திருக்கே" என்றாள். அன்றைக்கு முழுக்க ஜெயசீலன் வாயை மூடவில்லை. தெருவில் இருக்கிற ஒவ்வொருவரிடமும், பதினைந்து வருடமாகச் சொல்ல வைத்திருந்ததையெல்லாம் சொன்னான், என்னிடம் என் தராசைப் பற்றிச் சொன்னான்.

எல்லோருக்கும் ஏதாவது ஒன்று கிடைத்தது. என் வீட்டுக்கு என்ன கிடைத்தது என்று கேள். நீ கேட்கமாட்டாய், ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் உனக்கு இது தெரியாது, தெரியாமல் இருப்பதற்குக் காரணம் நான், அதைப் பிறகு சொல்கிறேன்.

டெல்பின்.

நானூறு மீட்டரை அறுபத்திரண்டு விநாடியில் ஓடுகிறவள், என் மகள், உன் மருமகள், நீ வாங்கிக் கொடுத்த முள் ஷூவைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறவள். வருகிற சனிக்கிழமை தருவை மைதானத்தில் தேர்வு. அறுபத்துநாலுக்குள் ஓடுகிற முதல் இரண்டு பேருக்கு விளையாட்டு விடுதியில் இடம், சாப்பாடு, படிப்பு, அதற்குப் பிறகு கல்லூரி. அந்த இடத்துக்காக நாலு வருடமாக விடிகாலையில் எழுந்து ஓடுகிறாள், இந்த ஒன்றில் மட்டும் நான் அவளிடம் எதையும் குறைத்துக் கேட்டதில்லை. தட்டு ஒழுகிய மூன்றாம் நாள் மைதானத்திலிருந்து வந்தாள், பையைக் கீழே போட்டாள்.

"எழுபத்தொண்ணுப்பா."

"கடிகாரம் தப்பா இருக்கும்."

"கடிகாரம் மாஸ்டரோடது. காலுதான் தப்பு. தட்டுக்கு ரெண்டு வைக்கேன். அதுக்கு மேல வைக்க விடமாட்டேங்கு."

"மூணு வையி."

"மூணு வெச்சேன். இடறி விழுந்துட்டேன்." முழங்காலைக் காட்டினாள்.

தட்டுக்கு இரண்டு என்றால் நிமிடத்துக்கு நூற்றெண்பத்துநாலு அடி, அவளுக்கு வேண்டியது இருநூற்றுப் பத்து, மூன்று வைத்தால் இருநூற்று எழுபத்தாறு, மனுஷப் பிள்ளையின் காலால் ஆகாது. இருநூற்றுப் பத்து என்ற ஒன்று தொண்ணூற்றிரண்டுக்குள் எங்கேயும் இல்லை. ஆறுமுகநேரியில் அவள் பெரியம்மா வீட்டில் நாலு நாள் தங்க வைத்தேன். இந்தத் தெருவில் ஒரு தடவை தூங்கி எழுந்தவர்களுக்கு எங்கே போனாலும் காலில் அதுதான், நாலு நாளும் அங்கே உப்பளத்து ரோட்டில் எழுபத்தொன்று, எழுபத்தொன்று, எழுபத்தொன்று ஓடிவிட்டுத் திரும்பி வந்தாள்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. லேப்டாப்பின் பேட்டரியைக் கழற்றினேன். ஹெட்போனை உடைத்தேன். பதினாலு மெத்தையையும் தெருவில் போட்டுக் கொளுத்தினேன், நெருப்பு தொண்ணூற்றிரண்டில் படபடத்தது. லேப்டாப்பைத் திருநெல்வேலிக்காரன் ஒருவனுக்கு விற்றேன், தட்டு இங்கேயே இருந்தது, பாட்டு மட்டும் அங்கே போய்விட்டதே என்று மறுநாள் ஓடி, விற்ற விலையை விட அதிகம் கொடுத்துத் திரும்ப வாங்கினேன், அவன் சிரித்த சிரிப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். நானே சிரட்டையை எடுத்து எழுபத்திரண்டில் தட்டிப் பார்த்தேன். என் கை தொண்ணூற்றிரண்டில்தான் போனது. மனதுக்குள் நிதானமாக எண்ணுகிறேன், கை என்னைக் கேட்காமல் ஓடுகிறது.

உன் அக்கா அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாட்டு முடியல," என்றாள்.

"தெரியும்டி."

"முடியாத பாட்டு எப்படி நிக்கும்? முடிச்சு வையுங்க, அதுவே நின்னுரும்."

"கடைசி நாலு வரி உன் தம்பி வாயில இருக்கு. எழுதி வைன்னு நூறு தடவை சொன்னேன், எழுதினானா அவன்?"

"அப்போ போய்க் கூட்டிட்டு வாங்க." கரண்டியை நீட்டினாள். "கூட்டிட்டு வாங்கன்னு சொன்னேன். சண்டை பிடிச்சுட்டு வாங்கன்னு சொல்லல."

வந்தேன். நீ பார்த்தாய். உன் மாமியார் வீட்டு மதில் மேல் உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தாய், நான் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வருகிற நடையைப் பார்த்ததும் உனக்குப் புரிந்துவிட்டது, மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாய்.

"காலுல ஏறிருச்சா அத்தான்?"

"அத விடு. பாட்ட முடிக்கணும். எம்புட்டு வேணும் உனக்கு?"

"எழுபத்திரண்டு."

"எண்பத்தஞ்சு."

"அத்தான், இது மீன் ஏலமா?"

"எண்பது. ரெண்டாவது சரணத்துல ஒரு சுத்தக் குறைச்சுக்கிடுவோம்."

"எழுபத்திரண்டு."

"எழுபத்தெட்டு. கடைசி. இதுக்கு மேல என்னால இறங்க முடியாது மாப்ளே, நீயும் ஏறணும்."

"எழுபத்தெட்டுல அவ வீட்டுக்குப் போவமாட்டா," என்றாய்.

நான் முப்பது வருடமாகச் செய்வதைச் செய்தேன். முதுகைக் காட்டித் திரும்பி நடந்தேன். என் தொழிலில் ஆறாவது அடியில் கூப்பிடுவார்கள், பிடிவாதக்காரன் என்றால் ஒன்பதாவது. நான் பத்து வைத்தேன். இருபது வைத்தேன். பஸ் ஸ்டாப் வந்துவிட்டது. நீ கூப்பிடவில்லை. கூப்பிடாமல் இருந்தாயே, அதற்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், நீதான் காரணம்.

டெல்பினைப் பற்றி உன்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. எதிராளிக்கு நம் தேவை தெரிந்தால் விலை ஏறும். வாசலில் நின்ற முதல் வருடத்திலேயே படித்த பாடம் அது, அதை வைத்துத்தான் கடை போட்டேன், வீடு கட்டினேன், உன் அக்காவைக் கட்டினேன். அன்றைக்கு அந்தப் பாடத்தை உன்னிடமும் காட்டிவிட்டு வந்தேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், நான் யாரிடம் எதை மறைத்தேன் என்று உறைத்தது, இறங்கித் திரும்ப வந்து சொல்ல வாய் வரவில்லை, கால் வந்திருந்தாலும் தொண்ணூற்றிரண்டில்தான் வந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து டெல்பினிடம், "உன் மாமன் ஒத்துக்கிட மாட்டேங்கான்" என்றேன்.

"என் தேர்வைப் பத்திச் சொன்னீங்களா?"

நான் தண்ணீர் குடித்தேன்.

"சொல்லல," என்றாள் அவளே. "சனிக்கிழமை நான் போகப் போறதில்ல. எழுபத்தொண்ணு ஓடுறதுக்கு எல்லார் முன்னாடியும் எதுக்கு?" ஷூவை எடுத்துத் துணிப் பெட்டிக்கு மேல் வைத்தாள்.

நீ இருந்தால் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பாய்.

அன்றைக்குச் சாயங்காலமே தெருக்காரர்களைக் கோயில் முன்னால் கூட்டினேன். பாட்டை முடிக்கப் போகிறேன், முடித்தால் தட்டு நிற்கும் என்றேன். கைதட்டுவார்கள் என்று நினைத்தேன். யோசித்தார்கள். தட்டுக்கு ஒரு யோசனையாக யோசித்தார்கள்.

"நல்லாத்தான ஓடிக்கிட்டிருக்கு?" என்றார் லாசர். "இப்ப எதுக்கு நிறுத்துறீரு?"

"உம்ம மக்ரூனுக்காக என் பிள்ள நொண்டணுமா ஓய்?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"பின்ன எப்படிச் சொன்னீரு?"

அந்தோணியம்மாள்தான் எழுந்து, "அந்தப் பிள்ள விடியக்காலம் என் வாசலத் தாண்டி ஓடும்போது காத்து மாதிரி போவும்," என்றாள். "இப்ப இடுப்புல குடத்த வச்ச மாதிரி போவுது. நிறுத்துங்க எளவ." லாசர் தலையாட்டினார், ஜெயசீலன் மட்டும் எழுந்தான்.

"அண்ணாச்சி, ஒரே ஒரு நாள்," என்றான். "ஞாயித்துக்கிழமை என்னைய மாப்பிள்ள பாக்க வாராவ. முப்பத்தாறு வயசுல முத வீடு அண்ணாச்சி. பொண்ணோட அப்பா பேசிப் பாக்கணுமாம் எங்கிட்ட. ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரைக்கும் இது இருக்கட்டும். அப்புறம் நிறுத்திக்கிடுங்க, நான் ஒரு வார்த்த கேக்கமாட்டேன்."

"தேர்வு சனிக்கிழமைல, ஜெயசீலா."

சனிக்கும் ஞாயிறுக்கும் நடுவில் வெட்டிப் பாதியாக்க ஒரு கிழமை இல்லை. இரண்டு பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் நஷ்டம் என்று நான் முடித்து வைத்த வியாபாரம் எத்தனையோ உண்டு, இதில் அப்படி ஒரு விலை கிடையாது, ஒருத்தருக்கு முழுசு, ஒருத்தருக்கு ஒன்றுமில்லை. இரண்டு பேரிலும் ஒருவர் என் பிள்ளை. நான் முடியாது என்றேன். அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான், வண்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் தொண்ணூற்றிரண்டில் சொட்டிக்கொண்டே போனது.

மறுநாள் காலையில் கடைக்கு வந்தான்.

"பொண்ணு வீட்டுக்கு போன் பண்ணிட்டேன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கே வந்துரச் சொல்லிட்டேன். அவசரமா திருச்செந்தூர் போவணும்னு பொய் சொல்லியாச்சு. பன்னிரண்டு மணிக்குள்ள பேசி முடிச்சு அனுப்பிருதேன். அதுக்கப்புறம் நீங்க என்னத்த வேணாலும் நிறுத்துங்க." அப்புறம், போகும்போது, தலையைத் திருப்பாமல், "நிறுத்தின பொறவு அந்தப் பொண்ணுகிட்ட எப்படிப் பேசப்போறேன்னு மட்டும் என்கிட்ட யாரும் கேட்டுராதீங்க," என்றான்.

இப்போது சொல், நான் இவ்வளவு பேரை வைத்துக்கொண்டு இங்கே என்ன செய்யட்டும்?

நேற்று அந்த சாஃப்ட்வேரை முழுசாக வாங்கினேன். கம்ப்யூட்டர் கடைக்காரன் விலை சொன்னான், நான் கொடுத்தேன். அவன் இன்னொரு தடவை சொன்னான், நான் பேரம் பேசாததை அவனால் நம்ப முடியவில்லை. மூன்று நிமிடம் நாற்பத்தேழு விநாடி இல்லை, நீ மூன்று மணி நேரம் பாடினாலும் இனி அது சேமிக்கும். இரண்டு பக்கமும் பஞ்சு உள்ள ஹெட்போன் வாங்கியிருக்கிறேன், பெட்டி பிரிக்கவில்லை, நீ வந்து பிரி. எரித்த மெத்தைக்குப் பதிலாக அந்தோணியம்மாளும் லாசர் வீட்டுக்காரியும் தங்கள் வீட்டு மெத்தையை மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறார்கள், கூலி கேட்கவில்லை. பீரோவை உன் அக்கா திறந்து வைத்திருக்கிறாள்.

உனக்கு எழுபத்திரண்டு. இதற்கு எதிர்விலை நான் சொல்லவில்லை. தட்டு ஒழுகிய பிறகு இந்தத் தெருவில் உறங்காதவன் நம்மில் நீ ஒருத்தன்தான், எழுபத்திரண்டில் தட்ட உன் கை ஒன்றுக்குத்தான் முடியும். நீ தட்டு, நான் உன் கையைப் பார்த்து வாசிக்கிறேன், என் விரல் ஓடினால் என்னை அடி, முதலிலிருந்து எடு, பத்துத் தடவை எடு, அந்தப் பொம்பளையை உன் இஷ்டம்போல நடக்க விட்டு, அவளுக்கு நீ வைத்திருக்கிற அந்த நாலு வரியையும் பாடு. பாடாத வரியை எழுதியாவது அனுப்பேன் என்று கேட்கமாட்டேன், நீ எழுதமாட்டாய், எனக்குத் தெரியும்.

மன்னிப்புக் கேட்கிறேன் என்று நினைத்துவிடாதே. பாதியில் போனவன் நீ. ஒழுகும் என்று தெரிந்தும் ஹெட்போனை மைக்கில் மாட்டியவன் நீ. என் பிள்ளை அந்த ஷூவை எடுத்துத் தூசி தட்டாமல் உட்கார்ந்திருப்பதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும், என்னிடம் அல்ல, அவளிடம், முகத்தைப் பார்த்து. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஜெயசீலன் பெண் வீட்டாரை பஸ் ஏற்றிவிடுவான். பன்னிரண்டரைக்கு நீ மாடியில் இருக்க வேண்டும். பஸ் பிடி, பைக் எடு, நடந்து வா, எப்படியாவது வா, வந்து நீ ஆரம்பித்ததை முடி, சனிக்கிழமை காலையில் அவள் கோட்டில் நிற்கும்போது அந்தக் கால் அவளுடைய காலாக இருக்கும்படி நீயே செய்துவிட்டுப் போ.